மரபணு தலையெழுத்து அன்று

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். நான் கலைப் பட்டம் பெற்ற ஆசிரியன்; மருத்துவன் அல்லேன். ஆயினும், இக்கழகம் அரியமங்கலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணிக்கும், முதுமையில் நினைவைப் பறிக்கும் அல்சைமர் நோய்க்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவ்வுறவை என்னால் இயன்ற அளவு எளிமையாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நோயின் வரலாறு

மூப்படைந்தவர் மறப்பது இயல்புதானே என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது மூப்பின் இயல்பாக இருக்கலாம். கண்ணாடி எதற்குப் பயன்படுவது என்றே தெரியாமற் போவதும், நாற்பதாண்டுக் காலம் நடந்த தெருவில் தம் வீடு எதுவென்று அறியாமல் நிற்பதும், பெற்ற மகளையே யாரென்று கேட்பதும் நோயின் அறிகுறிகள். இத்தகைய நிலைக்கு மருத்துவர் வழங்கும் பொதுப்பெயர் டிமென்சியா. அதனை உண்டாக்கும் நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவு குழம்பி, எழுதத் தொடங்கிய தம் பெயரை முடிக்கவும் இயலாத நிலையில் அவர் இருந்தார். 1906இல் அவர் மறைந்தபின், அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவருடைய மூளையை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளும், உள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்களும் தென்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் தாம் கண்டதை டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்கள் முன்னிலையில் விளக்கினார். வெளியே படிவது அமிலாய்டு என்னும் புரதம் என்றும், உள்ளே சிக்குண்டு கிடப்பது டௌ என்னும் புரதம் என்றும் பின்வந்தோர் கண்டறிந்தனர்.

இது மேலைநாட்டு நோய் என்றும், கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மை அணுகாது என்றும் ஒரு காலத்தில் பலர் நம்பினர். சென்னை ஆய்வாளர்கள் திருப்போரூர்ப் பகுதியில் வீடுவீடாகச் சென்று நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 3.5 பேரிடம் டிமென்சியா காணப்பட்டது. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நிலையில் உள்ளனர் என்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும், கற்றவரைவிடக் கல்வி பெறாதவரிடமும் இது மிகுதி என்பதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. இக்கடைசிச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மதகும் பாயும்

நோய் யாருக்கு வரும் என்பதைப் பிறப்பே முடிவு செய்கிறதா? இக்கேள்விக்கு விடைகாண மரபணு இயங்கும் முறையைச் சிறிது அறிய வேண்டும்.

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. ஓர் உயிரணுவிலுள்ள இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். புரதங்களை ஆக்குவதற்குரிய ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அதில் அமைந்துள்ளன. கண்ணிலும் கல்லீரலிலும் மூளையிலும் இருப்பது ஒரே இழைதான். அவ்வாறாயின், கண் பார்ப்பதும் கல்லீரல் உணவைப் பக்குவப்படுத்துவதும் மூளை நினைப்பதும் எங்ஙனம்? எந்த உயிரணுவில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்று வகுக்கும் ஓர் ஒழுங்கு மரபணுக்களின்மேல் அமைந்துள்ளது. 1942இல் வாடிங்டன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் இத்துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயரிட்டார். ‘எபி’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மேலே என்பது பொருள். மேல்மரபியல் என்று நாம் கூறலாம்.

நம் பகுதி வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் வரும் நீர் ஒரே காவிரி நீர்தான். எந்த வயல் விளையும், எந்த வயல் காயும் என்பதை மதகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே முடிவு செய்கிறது. மரபணுவிலும் இத்தகைய மதகுகள் உண்டு. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி, டி.என்.ஏ. இழையில் சைட்டோசின் என்னும் எழுத்தின்மீது ஒட்டிக்கொள்கிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை திரளாக ஒட்டினால் அம்மரபணு பெரும்பாலும் வாய்மூடி விடுகிறது. அகன்றால் மீண்டும் பேசத் தொடங்கலாம்.

இரண்டாவது முறை ஒன்றும் உண்டு. அந்த 2 மீட்டர் இழை ஹிஸ்டோன் எனப்படும் புரத உருளைகளின்மீது சுற்றப்பட்டுள்ளது. சுருட்டி வைத்த பாயில் எவரும் அமர இயலாது, விரித்தால்தான் பயன். அதுபோல, இழை இறுகச் சுற்றியிருக்கும் இடத்து மரபணுவை உயிரணு படிக்க இயலாது. அசிட்டைல் என்னும் தொகுதி ஹிஸ்டோனில் சேரும்போது சுற்று தளர்கிறது. மரபணு விரிந்து கொடுக்கிறது. அத்தொகுதியை நீக்கும் நொதிகளும் உள்ளன. அவை மிகுந்தால் பாய் மறுபடியும் சுருண்டுவிடும்.

இவை எவற்றாலும் மரபணுவின் எழுத்து மாறுவதில்லை; அது படிக்கப்படும் முறையே மாறுகிறது. அம்முறையை மாற்றுவனவற்றுள் நாம் உண்ணும் உணவு, சுவாசிக்கும் காற்று, செய்யும் தொழில், அடையும் அச்சம், பெறும் பயிற்சி ஆகியன அடங்கும். மெத்தில் தொகுதியை ஆக்கவும் இடம் மாற்றவும் உடலுக்கு உதவும் ஃபோலிக் அமிலம் கீரையிலும் பயறு வகைகளிலும் கிடைக்கிறது. பி12 வைட்டமின் பால், முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் கிடைக்கிறது.

மூளையில் நிகழ்வது

மிகச் சில குடும்பங்களில், ஒரு மரபணுவின் எழுத்துப் பிழையே அல்சைமர் நோயை நடுவயதில் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் இந்நோய் கண்டவர்களுள் இத்தகையோர் நூற்றில் ஒருவர் அளவிலேயே உள்ளனர். மற்றவர்களிடம் அபோ-இ4 போன்ற மரபணு வகைகள் அபாயத்தை உயர்த்துகின்றன. அவ்வகையைப் பெற்றும் நோயின்றி வாழ்ந்து முடித்தோர் பலர். பெறாமலே நோயுற்றோரும் பலர்.

2014இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர், இறந்தவர்களின் மூளைகளில் மெத்தில் குறிகள் அமைந்துள்ள இடங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் ஒரு குழு மட்டும் 708 பேரின் மூளைகளை ஆராய்ந்தது. அல்சைமர் படிவுகள் மிகுந்திருந்த மூளைகளில் ஏ.என்.கே.1 என்னும் மரபணு உள்ளிட்ட சில இடங்களில் குறிகள் மாறியிருந்ததை இரு குழுவினரும் தனித்தனியே கண்டனர். இம்மாற்றம் நோயை உண்டாக்கியதா, நோயால் உண்டானதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

அமெரிக்காவில் லீ-ஹுவெய் சாய் என்னும் பெண் விஞ்ஞானியின் குழு இதனை வேறு வழியில் அணுகியது. நரம்பணுக்கள் அழிந்து, கற்றதை மறந்துவிட்ட எலிகளை, வெறுங்கூண்டிலிருந்து எடுத்து, ஓடுவதற்குச் சக்கரமும், விளையாடப் பொருள்களும், கூடி வாழத் துணையும் உள்ள விரிவான கூண்டில் விட்டனர். சில வாரங்களில் அவை மீண்டும் கற்றன. இழந்துவிட்டதாகக் கருதப்பட்ட பழைய நினைவுகளையும் மீட்டன. மூளையை ஆராய்ந்தபோது, ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதிகள் கூடியிருந்தன. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 2007. 2012இல் அதே குழுவினர், அல்சைமர் நோயுற்ற மனிதர்களின் மூளையில் அசிட்டைலை நீக்கும் ஒரு நொதி மிகுந்திருப்பதையும், அது கற்றலுக்குரிய மரபணுக்களை அடைத்து வைப்பதையும் எடுத்துக்காட்டினர். அடைபட்டதைத் திறக்க வழி உண்டு என்னும் நம்பிக்கை இதனால் பிறந்தது. எலிக்குக் கிட்டிய பயன் மனிதருக்கு மருந்தாக இன்னும் வந்து சேரவில்லை. நோயை முற்றிலும் போக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. ஆயினும், கற்பதும் கூடி வாழ்வதும் மரபணுவின் ஒழுங்கையே தொடுகின்றன என்பது ஓர் ஆசிரியன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

ஒரே பிறப்பு, இரு முடிவுகள்

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் இரட்டையரின் மூளைகளைப் பற்றி எழுதினர். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு உடையவர்கள். கல்வியும் ஒன்றே, இருவரும் வேதிப் பொறியியலாளர்கள். ஒருவர் தம் பணியில் பூச்சிக்கொல்லி மருந்துகளோடு நெடுங்காலம் பழகியவர். அவருக்கு 60 வயதில் அல்சைமர் நோய் தோன்றியது, 76இல் மறைந்தார். மற்றவர் 79 வயதில் வேறு நோயால் இறக்கும்வரை தெளிந்த நினைவோடு இருந்தார். நோயுற்றவரின் மூளையில் நினைவுக்குரிய பகுதியின் நரம்பணுக்களில் மெத்தில் குறிகள் பெரிதும் குறைந்திருந்தன. இருவரை மட்டும் கொண்டு பூச்சிக்கொல்லியே காரணம் என்று தீர்ப்பளிக்க இயலாது. பிறப்பு ஒன்றாயினும் வாழ்ந்த இடமும் செய்த தொழிலும் வேறானால் மூளையின் குறிகள் வேறாகும் என்பதற்கு இது சான்று.

இச்செய்தியைப் படித்தபோது, தலைமுறை தலைமுறையாக எந்தத் தொழில்கள் எந்தத் தெருவினர்மீது சுமத்தப்பட்டன என்பதை எண்ணாமல் இருக்க இயலவில்லை. சாக்கடையில் இறங்குவோர் யார், குப்பையைக் கையால் பிரிப்போர் யார், முகமூடியின்றி வயலில் மருந்து தெளிப்போர் யார் என்பது இங்குள்ள எவருக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குழந்தைப் பருவத்தின் சுவடு

நோய் முதுமையில் தோன்றினாலும் அதன் விதை முதுமையில்தான் விழவேண்டும் என்பதில்லை. 1980ஐ ஒட்டிப் பிறந்த சில குரங்குக் குட்டிகளுக்கு, பிறந்ததிலிருந்து ஏறத்தாழ 400 நாள்கள் பாலில் சிறிதளவு ஈயம் கலந்து கொடுக்கப்பட்டது. பின்னர் அவை ஈயமின்றி வளர்ந்தன. 23 வயதில், அதாவது குரங்கின் முதுமையில், அவற்றின் மூளைகளை ஆராய்ந்தபோது அமிலாய்டு புரதத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் மிகுதியாக இயங்கியிருந்தன, படிவுகளும் கூடியிருந்தன, மெத்தில் குறியை ஒட்டும் நொதியின் செயல் குறைந்திருந்தது. 2008இல் இவ்வாய்வு வெளியாயிற்று. குட்டிப் பருவத்து நஞ்சின் தடம் இருபதாண்டுக்குமேல் உறங்கியிருந்து முதுமையில் வெளிப்பட்டது.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நிறுத்தப்பட்டது. பழைய வண்ணப்பூச்சிலும், உடைத்து உருக்கப்படும் பேட்டரிகளிலும் ஈயம் இன்றும் உண்டு. திருச்சி நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்த இடம் நம் அரியமங்கலம். ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்புள்ள அக்கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்த நிகழ்ச்சிகள் பலமுறை நாளேடுகளில் வெளிவந்துள்ளன. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது வரவேற்கத்தக்கது. குப்பை அகன்றால் மட்டும் போதாது. அதன் புகையைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கவும், அவர்களை நெடுங்காலம் கவனித்துவரவும் அரசைக் கேட்பது நம் உரிமை.

புதிய பெயரில் பழைய விதி வேண்டா

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்பஞ்சத்தின்போது கருவுற்றுப் பிறந்தவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவில் அவர்களுக்கு மெத்தில் குறி, உடன்பிறந்தவர்களைவிடக் குறைந்திருந்தது. 2008இல் வெளியான இச்செய்தி உலகெங்கும் பரவியது. ‘பாட்டன் பசித்தால் பேரன் மரபணுவில் தழும்பு’ என்ற வகையில் பலர் எழுதத் தலைப்பட்டனர்.

இவ்வகைப் பேச்சை நாம் கவனத்துடன் எடைபோட வேண்டும். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அழைத்த 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மாண்டோரில் கூலி உழவரே மிகுதி. அப்பசியின் சுவடு உங்கள் இரத்தத்தில் உள்ளது, ஆகவே நீங்கள் குறையுடையவர்கள் என்று எவரேனும் நாளை அறிவியலின் பெயரால் கூறத் துணியலாம். அதற்கு விடை இதுவே: தாயின் கருவில் நேரடியாகப் பசியை அனுபவித்த குழந்தையைப் பற்றியதே நெதர்லாந்து ஆய்வு. பாலூட்டிகளில், இனப்பெருக்க உயிரணு உருவாகும்போதும் கரு தோன்றும்போதும் பெரும்பாலான குறிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக இடப்படுகின்றன. மனித இனத்தில் இத்தகைய குறிகள் பல தலைமுறைகளைக் கடந்து செல்கின்றன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவன அதே சேரி, அதே கூலி, அதே புகை, அதே பள்ளியின்மை. ஒவ்வொரு தலைமுறையிலும் குறி புதிதாக எழுதப்படுகிறது. எழுதும் கையைத் தடுத்தால் குறியும் நிற்கும்.

லாகூரில் ஆற்றுவதற்கென எழுதப்பட்டு, ஆற்ற இடமளிக்கப்படாமல், 1936இல் அச்சேறிய சாதி ஒழிப்பு என்னும் தம் உரையில் அண்ணல் அம்பேத்கர், இரத்தத் தூய்மையைக் காக்கவே சாதி ஏற்பட்டது என்னும் வாதத்தை எடுத்து ஆராய்ந்து மறுத்தார். டி.என்.ஏ.யின் வடிவம் கண்டறியப்படுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த பணி அது. பிறப்பே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பவர்க்கு மேல்மரபியலும் துணை நிற்கவில்லை. அதனை நமக்கு எதிரான புதிய முத்திரையாக மாற்ற எவருக்கும் நாம் இடம் தரலாகாது.

கல்வியும் மூளையும்

இனிக் கல்விக்கு வருகிறேன். 2024இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, டிமென்சியாவுக்கு வழிவகுக்கும், மாற்றத்தக்க 14 காரணிகளைத் தொகுத்தது. அவற்றை முழுதும் நீக்க இயன்றால் உலகில் 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று அக்குழு மதிப்பிட்டது. வாழ்வின் தொடக்கத்தில் நேரும் காரணியாக அப்பட்டியலில் இடம்பெறுவது கல்விக் குறைவு. படிக்கும் மூளை, இழப்பு நேரும்போது தாங்குவதற்குரிய சேமிப்பைப் பெறுகிறது என்று அறிஞர் விளக்குகின்றனர்.

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் தாழ்த்தப்பட்டோரின் எழுத்தறிவு 10.27 விழுக்காடு. பெண்களிடையே 3.29 விழுக்காடு மட்டுமே. அன்று பத்து வயதில் பள்ளிக்கு வெளியே ஆடு மேய்த்த சிறுமி இன்று எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. அவளுக்குப் பள்ளி மறுக்கப்பட்டதன் விளைவு கூலியோடும் வறுமையோடும் முடிந்துவிடவில்லை. முதுமையில் அவள் நினைவின்மீதும் அதன் நிழல் விழுகிறது. ஒரு சமுதாயத்துக்குக் கல்வியை மறுப்பது எத்துணை நீண்ட கொடுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வெழுத்தறிவு 66 விழுக்காடாக உயர்ந்தது. இக்கழகம் போன்ற எண்ணற்ற அமைப்புகளின் உழைப்பும் அவ்வுயர்வில் உண்டு. ஒவ்வொரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோதும், அறுபதாண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் நோய் ஒன்றைத் தள்ளிப்போட நீங்கள் துணைசெய்தீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் அறிவற்றவர் என்னும் எண்ணம் மருத்துவத்திலும் புகுந்திருந்தது. நினைவைச் சோதிக்க மேலைநாட்டார் வகுத்த வினாத்தாள், தேதியைச் சொல், வாக்கியம் எழுது, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய் என்று கேட்டது. பள்ளி காணாத முதியவர் அதில் தோற்பது இயற்கை. அரியானாவில் பல்லப்கர் சிற்றூர்களில் ஆய்வு நடத்தியவர்கள் 1990களில் அவ்வினாத்தாளை மாற்றியமைத்தனர். தேதிக்கு மாறாக, இது காலையா, நண்பகலா, மாலையா என்று கேட்டனர். கண்ணை மூடு என்று எழுதிக் காட்டுவதற்கு மாறாக, நான் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்யுங்கள் என்றனர். கேட்கும் முறை மாறியதும், பள்ளி செல்லாமையையும் நோயையும் பிரித்தறிய முடிந்தது. தேர்வில் தோற்ற மாணவனைப் பழிப்பதற்குமுன் வினாத்தாளையும் சற்று ஆராய்வது ஆசிரியர்களாகிய நமக்கும் நல்ல பாடம்.

ஐதராபாத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்றும் நமக்கு மிக வேண்டியது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 டிமென்சியா நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டு, 2013இல் வெளியாயின. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியது. பள்ளிக்கே செல்லாதவர்களிடையேயும் இவ்வேறுபாடு இருந்தது. அங்கே அது ஆறு ஆண்டுகள். பிற நாடுகளில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை எனினும், இந்திய மண்ணில் கிடைத்த இம்முடிவு சிந்திக்கத்தக்கது. தமிழகத்தின் பல ஊர்களில் அருந்ததியர் குடும்பங்கள் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வாழ்கின்றன. வீட்டு மொழியைப் பேசும் பிள்ளைகளை வகுப்பில் நகையாடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரண்டு மொழியும் அப்பிள்ளையின் செல்வம். தமிழைத் திறம்படக் கற்பிப்போம். பாட்டியின் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டா.

நாம் செய்யத்தக்கவை

இனிச் செயலுக்குரிய சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகிறேன்.

முதலாவது, கருவுற்ற தாய்மார்களின் உணவும், குழந்தைகளின் முதல் ஆயிரம் நாள்களின் ஊட்டமும். அங்கன்வாடியில் பதிவு செய்யாத தாய் ஒருத்தியும் நம் தெருக்களில் இருக்கலாகாது. கீரை, பயறு, முட்டை ஆகியவை விலை மிகுந்த மருந்துகளுக்கு முற்பட்டவை.

இரண்டாவது, குப்பையையும் மின்கம்பியையும் தெருவில் எரிப்பதை நாமே நிறுத்துதல். பழைய பேட்டரியைப் பிள்ளைகள் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுதல்.

மூன்றாவது, நடுவயதினரின் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்தல். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுவர ஏற்பட்டது. புகையிலையும் மதுவும் மூளைக்குப் பகை என்பதைப் பல்லாண்டாகப் பேசிவருகிறோம், இன்னும் பேசவேண்டியுள்ளது. காது மந்தமும் கண் மங்கலும் அந்த 14 காரணிகளுள் அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழகக் கட்டடத்தில் காது, கண் பரிசோதனை முகாம் நடத்தினால் முதியோர் பலர் பயனடைவர்.

நான்காவது, முதியோர் கல்வி. பள்ளி மறுக்கப்பட்ட மூதாட்டியருக்கு மாலை வகுப்பு தொடங்க வேண்டும். எழுபது வயதில் எழுத்து எதற்கு என்று அவர்களே கேட்பார்கள். எழுத்து வராவிட்டாலும் குற்றமில்லை. கூடிப் பேசுவதும், பாடுவதும், கணக்குப் போடுவதும், பேரப்பிள்ளைகளுக்கு ஊர் வரலாற்றைச் சொல்வதும் மூளைக்குப் பயிற்சிதான். தனிமையும் அந்தப் பட்டியலில் ஒரு காரணி என்பதை மறவாதீர்கள்.

ஐந்தாவது, நோயுற்றோரைக் காத்தல். மறதி கண்டவரைப் பேய் பிடித்தவர் என்று கூறிக் கட்டிவைப்பதும், வேண்டுமென்றே செய்கிறார் என்று அடிப்பதும் நம் வீடுகளில் நிகழ்வன. பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவை மருத்துவத்தால் சீர்ப்படக்கூடியவை. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. 1992இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கம் குடும்பத்தினருக்கு வழிகாட்டுவதற்கென்றே ஏற்பட்டது. இரவு பகலாகக் காத்துக் கிடப்பவர் பெரும்பாலும் வீட்டு மகளோ மருமகளோதான். கூலி வேலையை விட்டுவிட்டுக் காவல் இருக்கும் அப்பெண்ணுக்கு, வாரத்தில் இருநாள் முறைவைத்து ஓய்வு தருவதற்குத் தொண்டர் குழு ஒன்றை நம் இளைஞர்கள் அமைக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். உலகில் டிமென்சியா உள்ளவர்களுள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காடும் அந்நாடுகளைப் பற்றியது அன்று என்னும் அநீதியைச் சுட்டியே, 1998இல் தோன்றிய ஓர் ஆராய்ச்சிக் குழு தனக்கு ‘10/66’ என்று பெயரிட்டுக்கொண்டது. சென்னையிலும் வேலூரிலும் அக்குழு ஆய்வு நடத்தியது. நம் தெருக்களின் முதியோரைப் பற்றிய ஆய்வை வேறெவரோ வந்து செய்யட்டும் என்று காத்திராமல், உயிரியலும் மருத்துவமும் புள்ளியியலும் கற்று அதனை நீங்களே செய்ய முன்வர வேண்டும். மதகு எங்கே அடைபட்டது என்பதை வாய்க்காலின் கடைமடையில் நிற்பவனே முதலில் அறிவான். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் அத்தகைய ஆராய்ச்சியாளர் ஒருவரையேனும் இவ்வூருக்குத் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.